ரசத்துல சாம்பார் பட்டா தோஷமா?

அடுத்த தடவை ஹாஸ்டல் மெஸ்ல தட்டோட உட்காரும்போது, சாப்பிடறதை ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு சுத்தி ஒரு நோட்டம் விடுங்க. ஒவ்வொரு தட்டும் ஒரு தனி நாடு. ஒவ்வொரு நாட்டுக்கும் தனி அரசியல் சட்டம்!

பொரியல்மேல ஒரு சொட்டு சாம்பார் பட்டாலே அந்தப் பொரியலையே தள்ளுபடி செய்கிற ஆசாமி ஒருத்தர் கண்டிப்பா இருப்பார். அப்பளத்தை மட்டும் தொடாம, கடைசி வாய் மோர் சாதம் வரைக்கும் பொக்கிஷம் மாதிரி காப்பாத்துற ஆளு இன்னொருத்தர். தயிர் சாதத்துல சர்க்கரை போட்டுச் சாப்பிட்டு பக்கத்து சீட்காரன் வயித்தைக் கலக்குற புண்ணியவான் ஒருத்தர். முட்டையில வெள்ளை மட்டும், தோசையில முறுகலான ஓரம் மட்டும், வாழைப்பழம்னா நுனியைக் கிள்ளி எறிஞ்சுட்டுதான்... லிஸ்ட் போட்டா இந்தப் பக்கம் பத்தாது.

நானும் யோக்கியன் இல்லை. இட்லிமேல சாம்பாரை ஊத்தினா எனக்கு ஆகாது. சாம்பார் தனிக் கிண்ணத்துல இருக்கணும், இட்லி போய் அதைத் தொட்டுட்டு வரணும். ஏன்னு கேட்டா பதில் கிடையாது. அது அப்படித்தான்!

சிலதுக்கு மட்டும் காரணம் இருக்கு. 'கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி நாறுது'ன்னு ஒரு ஃப்ரெண்ட் சொன்னா, சீன் போடறான்னு நினைச்சுக் கலாய்ப்போம் இல்லையா? பாவம், அவன் மூக்கு அப்படி. வாசனையை உணர்கிற ஒரு குறிப்பிட்ட ஜீன்ல இருக்கிற சின்ன வித்தியாசத்துக்கும் இந்த சோப்பு வாசனைக்கும் தொடர்பு இருக்குன்னு 2012-லயே ஆராய்ச்சி வந்தாச்சு. பாகற்காயைப் பார்த்தாலே ஓடுறவங்களுக்கும் இதே மாதிரி சாக்கு உண்டு. கசப்பை எல்லா நாக்கும் ஒரே அளவு உணர்றதில்லை. 1931-ல் அமெரிக்காவுல ஆர்தர் ஃபாக்ஸ்னு ஒரு கெமிஸ்ட், லேப்ல ஒரு பவுடரைத் தவறிப் பறக்கவிட்டுட்டார். பக்கத்துல இருந்தவர் 'ஐயோ, கசக்குது'ன்னார். அவருக்கோ ஒண்ணுமே தெரியலை. அங்கே ஆரம்பிச்ச கதை அது.

சரி, ஜீனை விடுங்க. சாப்பாட்டு ரூல்ஸ்ல நம்மளையெல்லாம் தூக்கிச் சாப்பிடுற ஒருத்தர் திருவண்ணாமலையில இருந்தார். பௌர்ணமிக்கு 14 கிலோமீட்டர் கிரிவலம் போறப்ப, செங்கம் ரோட்டுல அவர் பேர்ல இருக்கிற ஆசிரமத்தைத் தாண்டித்தான் நடப்பீங்க. அவர்தான் ரமண மகரிஷி. தத்துவத்தையெல்லாம் பெரியவங்க பார்த்துக்கட்டும். இன்னிக்கு நமக்கு அவரோட தட்டு போதும்!

1896 செப்டம்பர் 1-ம் தேதி. வெங்கட்ராமன்னு 16 வயசுப் பையன், மதுரையில ஸ்கூல் படிச்சிட்டிருந்தவன், வீட்டுல சொல்லாம கொள்ளாம திருவண்ணாமலை வந்து இறங்குறான். வர்ற வழியில கீழூர்ல ஒரு பாகவதர் வீட்டுல காதுக் கடுக்கனை அடகு வெச்சு நாலு ரூபா வாங்கியிருந்தான். கோகுலாஷ்டமி நேரம். அந்த வீட்டு அம்மா பாசமா ஒரு பொட்டலம் பலகாரம் கட்டிக் கொடுத்திருந்தாங்க. வந்த அன்னிக்கே பையன் அந்தப் பொட்டலத்தை அய்யங்குளத்துல தூக்கி எறிஞ்சுட்டான். இந்த உடம்புக்கு இனிப்பு ஒரு கேடான்னு ஒரு கோபம்! நாமளா இருந்தா குளத்தங்கரையில உட்கார்ந்து பொட்டலத்தைக் காலி பண்ணிட்டுத்தான் அடுத்த வேலை.

அப்புறம் கோயிலுக்குள்ளேயே பேச்சு மூச்சு இல்லாம உட்கார்ந்துட்டார். சாப்பிடணுங்கிற நினைப்பே இல்லை. கோயில்ல இருந்த ஒரு மௌன சாமியார், அம்மன் சந்நிதி அபிஷேகப் பாலைக் கொண்டுவந்து கொடுப்பாராம். அபிஷேகப் பால்னா வெறும் பால்னு நினைச்சுக்காதீங்க. தண்ணி, மஞ்சள் பொடி, சர்க்கரை, வாழைப்பழம்னு எல்லாம் கலந்து ஓடி வந்த காக்டெயில். அதை முகம் சுளிக்காம குடிச்சிட்டிருந்தார். கடைசியில அதைப் பார்த்த குருக்களுக்கே மனசு கேக்காம, இனிமே சுத்தமான பால் கொடுங்கன்னு ஏற்பாடு செஞ்சார். டீயில ஆடை மிதந்தா மாஸ்டர்கிட்ட சண்டைக்குப் போற ஜாதி நாம. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

அடுத்து, மலைமேல விரூபாட்ச குகை. 1899-ல இருந்து 1916 வரைக்கும் அங்கேதான். கூட இருந்தவங்க சங்கு ஊதிக்கிட்டு ஊருக்குள்ள பிட்சைக்கு இறங்குவாங்க. பல வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்துல கலந்து வரும். ஆளுக்குப் பத்தலைன்னா வெந்நீர் ஊத்திக் கரைச்சு எல்லாருக்கும் பங்கு. அந்தக் கரைசலுக்குப் பல நாள் உப்பு இருக்காது. கீழே போய் ஒரு வீட்டுல உப்பு கேட்டா யார் மாட்டேன்னு சொல்லப் போறாங்க? ஆனா கேக்கக் கூடாதுங்கிறது ரூல். காரணம்தான் சூப்பர்... இன்னிக்கு உப்பு கேட்டா, நாளைக்கு நாக்கு பருப்பு கேக்கும், அதுக்கு அடுத்த நாள் பாயசம் கேக்கும், இதுக்கு முடிவே கிடையாது!

1916-ல அம்மா அழகம்மாள் மகனோடயே தங்க வந்துட்டாங்க. மலைமேல அடுப்பு எரிய ஆரம்பிச்சதே அதுக்கப்புறம்தான். அந்த அம்மாவுக்கும் ஒரு கட்டு சாப்பாட்டு ரூல்ஸ் இருந்துச்சு. ஆசாரமான குடும்பம், வெங்காயம் ஆகாது. மகன் விடுவாரா? பார்த்தும்மா, அந்த வெங்காயம் மோட்சத்துக்குப் போற வழியை மறிச்சிடப் போகுதுன்னு ஓட்டுவாராம். அம்மாவை வெங்காயத்தை வெச்சுக் கலாய்ச்ச மகான் வேற எங்கேயாவது உண்டா, தெரிஞ்சா சொல்லுங்க.

1922-ல அம்மா காலமான பிறகு, அவங்க சமாதியைச் சுத்தித்தான் மலையடிவாரத்துல இன்னிக்கு இருக்கிற ஆசிரமம் வளர்ந்துச்சு. அங்கே பல வருஷம் ரமணர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து சமையல்கட்டுக்கு வந்துடுவார். காய் நறுக்குவார், சட்னி அரைப்பார், தாளிப்பைப் பார்ப்பார். அந்தக் கிச்சன்ல கூட வேலை செஞ்ச பெண்கள் சொல்லிவெச்ச கதைகள்தான் எனக்கு எல்லாத்தையும்விடப் பிடிச்சது.

அதுல ஒண்ணு கத்திரிக்காய்க் காம்புக் கதை. ஒரு நாள் நிறைய கத்திரிக்காய் நறுக்கி, காம்பெல்லாம் குவியலா கிடக்கு. மாட்டுக்குப் போடலாம்னு பார்த்தா, 'அதையும் சமைங்க'ங்கிறார். வேகாத வஸ்து அது! அடுப்புல ஏத்தி மணிக்கணக்கா கொதிக்குது, அசைஞ்சு கொடுக்க மாட்டேங்குது. இவர் மலைப் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்து, 'வெந்துடுச்சா?'ன்னு எட்டிப் பார்க்கிறார். திரும்பவும் போறார், திரும்பவும் வந்து கேக்கிறார். கடைசியில காம்பு தோத்துப் போய் வெந்துடுச்சு. பரிமாறினா, சாப்பிட்டவங்களுக்கு அது என்ன காய்னே தெரியலை. ருசியா இருக்குன்னு சாப்பிட்டுட்டுப் போனாங்க.

கீழே சிந்தின அரிசியைப் பொறுக்கிச் சேர்க்கிறதும் உண்டு. ராத்திரி மிஞ்சினதைக் காலையில வேற ஒண்ணோட சேர்த்து உருமாத்துறதும் உண்டு. ஆசாரக்காரங்களுக்கு பழையது ஆகாது, அதனால முணுமுணுப்பு எழும். இவர் விட்டுக் கொடுக்க மாட்டார்.

தட்டுல... ஸாரி, இலையில அவர் வெச்ச சட்டம் ரெண்டே ரெண்டு. முதல் சட்டம், எனக்குன்னு எதுவும் ஸ்பெஷலா வேண்டாம். எல்லாருக்கும் எவ்வளவோ எனக்கும் அவ்வளவு. யாராவது பக்தி முத்திப் போய் இவர் இலையில மட்டும் ஒரு கரண்டி கூடப் போட்டா, தொலைஞ்சாங்க, செம டோஸ் விழும். டாக்டர் சொன்னார்னு டானிக், ஜூஸ்னு எதையாவது கொண்டுவந்து நீட்டினாலும், 'எல்லாருக்கும் இருக்கா?'ங்கிறதுதான் முதல் கேள்வி. ரெண்டாவது சட்டம், பொரியலும் சாம்பாரும் ஒண்ணோட ஒண்ணு படக் கூடாதுங்கிற கோஷ்டியைத் தூக்கிப் போட்டு மிதிக்கிற சட்டம். இலையில விழுந்த எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பிசைஞ்சு சாப்பிட்டுடுவார்!

வெத்தலை போடற பழக்கமும் கொஞ்ச காலம் இருந்துச்சு. ஒரு நாள் கூட இருக்கிறவர் எடுத்துவைக்க மறந்துட்டார். இவர் கொஞ்ச நேரம் பார்த்துட்டு எழுந்து போயிட்டார். அதோட வெத்தலைக்கு முழுக்கு! திட்டலை, கேக்கலை. இன்னொருத்தர் ஞாபகம் வெச்சிருந்து எடுத்து வைக்கணும்னா, அப்படி ஒரு பழக்கமே எதுக்குன்னு விட்டுட்டார்.

இங்கேதான் மக்களே எனக்கு ஒரு பல்பு எரிஞ்சுது. நம்ம சாப்பாட்டு ரூல்ஸ் எல்லாம் பெரும்பாலும் அடுத்தவங்களை வேலை வாங்குற ரூல்ஸ். 'அம்மா, எனக்கு வெங்காயம் வதங்கக் கூடாது, அப்பாவுக்கு வதங்கணும்'னா, ரெண்டு வாணலி கழுவப் போறது யாரு? ரமணரோட ரூல்ஸ்ல கஷ்டம் பூராவும் அவருக்கு மட்டும்.

காந்தி இதைக் கொஞ்சம் லேட்டா கண்டுபிடிச்சார். 1915-ல கல்கத்தாவுல ஒரு பெரிய மனுஷர் வீட்டுல விருந்தாளியா தங்கியிருந்தார். அவருக்குப் பழமும் கொட்டைகளும்தான் சாப்பாடு. 'எளிமை'யான சாப்பாடு! ஆனா அந்த வீட்டுப் பெண்கள் ராத்திரி முழுக்கத் தூங்காம உட்கார்ந்து கொட்டைகளுக்குத் தோல் உரிச்சிட்டிருந்தாங்கன்னு அவருக்குத் தெரிய வந்துச்சு. அந்த உறுத்தல்ல, அதே வருஷம் ஹரித்வார் கும்பமேளாவுல ஒரு சபதம் எடுத்தார். ஒரு நாளைக்கு அஞ்சு பொருளுக்கு மேல சாப்பிடறதில்லை, இருட்டினப்புறம் சாப்பிடறதில்லை. மருந்துகூட அந்த அஞ்சுக்குள்ளேதான் அடக்கம். ரூலை வெச்சு வந்த பிரச்னையை இன்னொரு ரூல் போட்டுத் தீர்த்தவர் அவர்.

ரூல்ஸ் வெச்சவனையே கொல்லாம கொல்றதும் நடக்கும். நம்ம ராமானுஜன் 1914-ல கேம்பிரிட்ஜ் போனார். முட்டைகூடத் தொடாத சைவம். காலேஜ் சாப்பாட்டுக் கூடத்துல எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசிச் சிரிக்க, இவர் தன் ரூம்ல தனியா ஸ்டவ் பத்தவெச்சுச் சமைச்சுக்கிட்டார். முதல் உலகப் போர் நேரம் வேற, வேண்டிய பொருள் கிடைக்கிறதே பெரிய பாடு. ஒரு நாள் சட்டர்ஜிங்கிற நண்பரையும் அவருக்கு நிச்சயமான பெண்ணையும், இன்னொரு பெண்ணையும் விருந்துக்குக் கூப்பிட்டு, கையால ரசம் வெச்சுப் பரிமாறினார். சாப்பிட்டாங்க, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க. மூணாவது தடவை ஊத்த வந்தப்ப பெண்கள் போதும்னுட்டாங்க. அவ்வளவுதான், ராமானுஜனைக் காணோம்! ரூமை விட்டே கிளம்பிட்டார். நாலஞ்சு நாள் கழிச்சு ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து, அஞ்சு பவுண்டு அனுப்புங்கன்னு சட்டர்ஜிக்குத் தந்தி வருது. சமைச்சதை வேண்டாம்னு சொன்னது அவமானமாப் போச்சாம்.

சிரிப்பு வர்ற கதைதான். ஆனா ஊரு விட்டு ஊரு வந்து, தினமும் தனியாச் சாப்பிட்டு, என்னிக்கோ ஒரு நாள் நாலு பேரைச் சேர்த்துவெச்சுப் பரிமாறின மனுஷனுக்கு அந்தக் கரண்டி ரசம் எவ்வளவு பெருசுன்னு, வீட்டை விட்டு ஹாஸ்டலுக்கு வந்த உங்களுக்கு நான் சொல்லணுமா?

இனிமே வர்றது கொஞ்சம் சீரியஸ். ஸ்கிப் பண்ணிடாதீங்க.

எல்லாருக்கும் ஒரே அளவுன்னு சண்டை பிடிச்ச அதே ரமணரோட ஆசிரமத்துல, சாப்பாட்டுக் கூடத்து நடுவுல ஒரு தடுப்பு இருந்துச்சு. தனியாச் சாப்பிடணும்னு நினைக்கிற பிராமணர்கள் ஒரு பக்கம், மத்தவங்க எல்லாரும் இன்னொரு பக்கம். ரமணர் ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி நடுவுல உட்காருவார். அந்தத் தடுப்பு அவருக்குக் கிடையாதுன்னு பக்தர்கள் சொல்லுவாங்க. சரிதான். ஆனா தடுப்பு என்னவோ தடுப்புதானே? உப்புல இருந்து வெத்தலை வரைக்கும் தன்னோட நாக்கை ஒரு பார்வையிலேயே அடக்கினவர், அந்த ஒரு மறைப்பை எடுங்கப்பான்னு சொல்லியிருக்கலாமேன்னு எனக்கு இருக்கு. யாரையும் அவங்க வழியில இருந்து வலுக்கட்டாயமா மாத்தறது அவர் வழக்கம் இல்லைன்னு பதில் சொல்வாங்க. எனக்கு அந்தப் பதில் பத்தலை. உங்களுக்குப் பத்துதான்னு யோசிங்க.

ஏன்னா, அதே காலத்துல நம்ம தமிழ்நாட்டுல ஒரு ஹாஸ்டல் பந்தி அரசியலையே திருப்பிப் போட்டிருக்கு. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில 1922-ல ஒரு குருகுலம் ஆரம்பிச்சார். தேசபக்தியை ஊட்டுற பள்ளிக்கூடம், காங்கிரஸ் பணமும் போயிருக்கு. அங்கே ரெண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு. அவங்க வீட்டுல கேட்டுக்கிட்டாங்கங்கிறது காரணம். விஷயம் வெளியே வந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கொதிச்சுட்டாங்க. காந்தி வரைக்கும் பஞ்சாயத்து போச்சு. இருக்கிற ரெண்டு பேர் அப்படியே இருக்கட்டும், இனிமே இந்த மாதிரி யாரையும் சேர்க்காதீங்கங்கிற ரீதியில ஒரு சமரசத்துக்கு அவர் வழி தேடினார். யாருக்கும் திருப்தி இல்லை. 1925 நவம்பர்ல பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினதுக்கு இந்த ரெண்டு தட்டும் ஒரு காரணம்.

'அதெல்லாம் தாத்தா காலம்'னு சொல்லாதீங்க. 2018 டிசம்பர்ல சென்னை ஐ.ஐ.டி.-ல ஒரு மெஸ்ல நோட்டீஸ் ஒட்டினாங்க. சைவத்துக்கு ஒரு வாசல், அசைவத்துக்கு ஒரு வாசல். கை கழுவுற இடமும் தனித்தனி! மாணவர்கள் போட்டோ எடுத்து வெளியே விட்டு, கூச்சல் எழுந்ததும் நோட்டீஸைக் கிழிச்சாங்க. 2023-ல மும்பை ஐ.ஐ.டி. ஹாஸ்டல் கேன்டீன்லயும் 'சைவம் சாப்பிடறவங்க மட்டுமே இங்கே உட்காரலாம்'னு ஒரு போஸ்டர் முளைச்சுது. அது ஓய்ஞ்சுதான்னா, அதுவும் இல்லை. அப்புறம் தனி டேபிள் ஒதுக்கப்பட்டு, அதை எதிர்த்து அங்கே உட்கார்ந்து அசைவம் சாப்பிட்ட மாணவருக்கு ஃபைன்.

கறி சாப்பிடறதும் சாப்பிடாததும் உங்க இஷ்டம். சைவம் சமைக்கிற கரண்டி தனியா இருக்கணும்னு கேக்கிறதும் நியாயமான ஆசைதான், மெஸ் கான்ட்ராக்டர்கிட்ட தாராளமா கேளுங்க. ஆனா ஒரு வாஷ்பேசின்ல ரெண்டு பேர் கை கழுவினா ஒருத்தர் கையில இருக்கிறது இன்னொருத்தர் கைக்கு எப்படிப் போகும், எந்த பயாலஜி புக்ல இருக்கு?

நம்ம பசங்க இதுக்குப் பேச்சே இல்லாம ஒரு வழி வெச்சிருக்காங்க. வீட்டுல இருந்து யாருக்காவது கருவாட்டுக் குழம்பு வந்தா, ரூம்ல இருக்கிற சைவ பார்ட்டி, தானே ஜன்னலைத் திறந்துவிட்டு, ஃபேனை அஞ்சுல வெச்சுட்டு, அதே கட்டில்ல உட்கார்ந்து தன் தயிர் சாதத்தைப் பிரிப்பான். மூக்கைச் சுளிப்பான், நாலு கெட்ட வார்த்தை சொல்லுவான். எழுந்து மட்டும் போக மாட்டான். ஊறுகாய் பாட்டில் ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கும். கருவாடுக்காரன் கையை பேன்ட்ல துடைச்சுட்டு ஸ்பூனால எடுப்பான். எந்தப் போராட்டமும் இல்லாம, எந்த வார்டனும் நோட்டீஸ் ஒட்டாம நடக்கிற விஷயம் இது.

திருவண்ணாமலை போனா ஆசிரமத்து மதிய சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போய்ப் பாருங்க. உள்ளே இருக்கிறவங்களுக்குப் பந்தி போடறதுக்கு முன்னாடி, வெளியே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுவாங்க. ரமணர் காலத்துல இருந்து வர்ற வழக்கம் அது. அதுக்குப் பின்னாடியும் ஒரு கதை உண்டு. ஒரு தடவை பந்தியில கூட்டம் நெருக்க, பரதேசிகள் எல்லாம் அப்புறம் வாங்கன்னு யாரோ விரட்டியிருக்காங்க. சாப்பிடற நேரத்துல ரமணரைக் காணோம். தேடினா தூரத்துல ஒரு மரத்தடியில உட்கார்ந்திருக்கார். 'பரதேசிகளைப் போகச் சொன்னீங்களே, நானும் பரதேசிதானே, அதான் வந்துட்டேன்'கிற மாதிரி ஒரு பதில்!

சரி, இப்போ உங்க டர்ன். உங்க தட்டோட அரசியல் சட்டத்தை எழுதி அனுப்புங்க. விநோதமா இருக்கிறதை அடுத்தடுத்த வாரங்கள்ல போட்டுடலாம். ஒரே ஒரு கண்டிஷன்... அந்த ரூலால உங்க வீட்டுல யாருக்கு எக்ஸ்ட்ரா வேலைங்கிறதையும் சேர்த்து எழுதணும்!

பி.கு: கத்திரிக்காய்க் காம்பை ஹாஸ்டல் ரூம்ல கெட்டில்ல போட்டு ட்ரை பண்ணாதீங்க. அது வேகறதுக்குள்ள வார்டன் ரெண்டு ரவுண்டு வந்துட்டுப் போயிடுவார்.